லூப், ரோல் வந்துவிட்டது. அடுத்து நைஃப் எட்ஜா, ஹோவரா? (பெங்களூரு ஆர்.சி., அதாவது ரேடியோவில் இயக்கும் மாடல் விமானம்)

கேஆர் புரம் சிறகு

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஒரு மீட்டர் இறக்கையுள்ள இ.பி.பி. ஃபோம் விமானம். 3 செல் லைப்போ பேட்டரி, மோட் 2 ரேடியோ. ஞாயிறு காலையில் ஆனேக்கல் தாண்டி ஒரு தரிசு நிலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பறக்க விடுகிறோம். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம்.

லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (உருளல்), தலைகீழாக நேரே போவது எல்லாம் உயரத்தில் பயமில்லாமல் வருகிறது. அடுத்த படிக்குப் போக வேண்டும். இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, வாலில் நிற்கும் திசைத் துடுப்பான ரடரில் பிடித்து நைஃப் எட்ஜ் போனால், விமானம் நேரே போகாமல் வயிற்றுப் பக்கமாக வளைந்து போகிறது. ஹோவருக்கு (காற்றில் ஒரே இடத்தில் தொங்குவது) மூக்கைத் தூக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரம் நிற்கிறது, அப்புறம் இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டே சாய்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பழகலாமா, எதை முதலில் எடுப்பது? கைரோ (விமானத்தின் ஆட்டத்தைத் தானே திருத்தும் கருவி) போட்டால் எல்லாம் சுலபம் என்கிறார் எங்கள் மைதானத்தில் ஒருவர். பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பால்சா மரம்

தம்பி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், இடது கட்டைவிரல். மோட் 2 ரேடியோவில் ரடர் இடது குச்சியில் இருக்கிறது. டிரெய்னர் விமானத்தில் பழகுகிறவர்கள் அய்லரானையும் (இறக்கையைச் சாய்க்கும் துடுப்பு) எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் துடுப்பு) வைத்தே எல்லாத் திருப்பத்தையும் முடித்துவிடுகிறார்கள். இடது விரலுக்கு த்ராட்டிலை (மோட்டார் வேகம்) ஏற்றி இறக்குவதைத் தவிர வேலையே இல்லை. லூப்பும் ரோலும் அப்படியே வந்துவிடும். நாலு பாயிண்ட் ரோல், ஸ்டால் டர்ன், ரோலிங் சர்க்கிள் (உருண்டுகொண்டே வட்டமடிப்பது), ஹோவர் எதுவும் அப்படி வராது.

நான் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடல் விமானம் அதற்கு முன்பிருந்தே பழக்கம். பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி ரடரால் மட்டும் எட்டுப் போடுவது. திருப்பத்தில் ரடர் கொடுத்ததும் விமானம் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். எதிர் அய்லரான் கொடுத்து இறக்கையை மட்டமாகவே வைத்துத் திருப்புங்கள். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. ஆனால் இரண்டு கையும் வேறு வேறு வேலையைச் செய்யப் பழகிக்கொள்ளும்.

அடுத்தது ஸ்லோ ரோல். ஒரு ரோலுக்குக் குறைந்தது ஐந்து நொடி எடுங்கள், உயரமும் திசையும் மாறக் கூடாது. வலது பக்கம் உருட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கால் ரோலில் வலது இறக்கை கீழே போய்விடும், அப்போது மூக்கைத் தாங்குவது இடது ரடர். தலைகீழானதும் ரடரை விட்டுவிட்டு டவுன் எலிவேட்டர். முக்கால் ரோலில் இடது இறக்கை கீழே, அப்போது வலது ரடர். உருளும் பக்கத்துக்கு எதிர் ரடர் முதலில், நடுவில் டவுன், கடைசியில் அதே பக்க ரடர். இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து வர வேண்டும், தனித்தனியாகத் தட்டக் கூடாது. இதைச் சரியாகப் போடுகிறவனுக்கு இரண்டு பக்க நைஃப் எட்ஜும் பாதி வந்த மாதிரிதான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, சி.ஜி. (விமானத்தின் எடை மையம்) சோதனை. 45 டிகிரியில் மேலே ஏற்றுங்கள், பாதி ரோல் போட்டுத் தலைகீழாக்குங்கள், அதே கோட்டில் வைத்துவிட்டு எலிவேட்டர் குச்சியைத் தொடாதீர்கள். உடனே தரையை நோக்கி வளைந்தால் மூக்கு கனம். மேல்நோக்கி இன்னும் செங்குத்தாக ஏறினால் வால் கனம். கொஞ்ச தூரம் நேராகப் போய் மெதுவாகத் தணிந்தால் சரியாக இருக்கிறது. இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

தொங்கும் ப்ராப்

பால்சா மரம் சார் சொல்கிற சி.ஜி. சோதனையை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சிறகு ப்ரோவிடம் இருப்பது இ.பி.பி. ஃபோம். விழுந்தால் பசை போட்டு ஒட்டி அரை மணி நேரத்தில் மறுபடி பறக்கலாம். பால்சா மரத்தில் செய்த விமானம் வைத்திருந்தவர்கள் ஒரு விபத்துக்கு ஒரு மாதம் பட்டறையில் உட்கார்ந்தார்கள், அதனால் படிப்படியாகப் போவது அவர்களுக்கு அவசியமாக இருந்தது. ஃபோமில் அந்தக் கட்டாயம் இல்லை. ரடர் விரலைப் பழக்க ஹோவரைவிட வேகமான வழியும் எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்லோ ரோலில் ரடரை மறந்தால் கொஞ்சம் உயரம் போகும், அவ்வளவுதான். ஹோவரில் மறந்தால் அந்த நொடியே விமானம் சாய்ந்துவிடும். விரல் தானாகக் கற்றுக்கொள்ளும்.

ப்ரோ, முதலில் ரேட் (துடுப்புகள் அசையும் அளவு) பாருங்கள். ஹோவருக்கு எலிவேட்டரும் ரடரும் 45 டிகிரி வரை அசைய வேண்டும், எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு) 50 முதல் 60 சதவீதம். சாதாரணப் பறப்புக்குத் தனி ஸ்விட்சில் 15 டிகிரி, எக்ஸ்போ 30. ஹை ரேட்டிலேயே ஸ்லோ ரோல் பழகினால் கோடு நடுங்கிக்கொண்டே போகும்.

நீங்கள் சொன்ன இடது திரும்பல் மோட்டாரின் டார்க், அதாவது சுழற்று விசை. ப்ராப் பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, அதனால் விமானத்தின் உடல் எதிர்ப் பக்கம், இடது பக்கம், உருளப் பார்க்கும். ஹோவரில் வலது அய்லரான் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முழு அய்லரான் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அது டார்க் ரோலாகச் சுற்றட்டும், அதையும் ஒரு நாள் பழகத்தான் போகிறோம்.

பழகும்போது விமானத்தின் முதுகு உங்களைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போது மூக்கு உங்கள் கண்ணுக்கு இடது பக்கம் சாய்ந்தால் வலது ரடர், வலது பக்கம் சாய்ந்தால் இடது ரடர், யோசிக்காமல் வரும். வயிறு உங்களைப் பார்த்தால் ரடர் தலைகீழாகத் தெரியும், எலிவேட்டரும் அப்படித்தான். அப் கொடுத்தால் மூக்கு உங்களை விட்டு விலகிப் போகும். முதுகுப் பக்கம் கை படிந்த பிறகே வயிற்றுப் பக்கம்.

த்ராட்டிலைப் பிடித்துவைக்காதீர்கள், சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு தட்டலிலும் ப்ராப் காற்று வால் துடுப்புகள் மீது அடிக்கும், அந்தக் காற்று இருந்தால்தான் ரடருக்குப் பிடிப்பு. மூக்கு கொஞ்சமாகச் சாயும்போதே திருத்தத்தையும் தட்டலையும் சேர்த்துக் கொடுங்கள். கை மீறிப் போகிறது என்று தோன்றினால் முழு த்ராட்டில் கொடுத்து மேலே வெளியேறிவிடுங்கள். அந்த வெளியேறும் வழியைத்தான் முதல் நாள் திரும்பத் திரும்பப் போட வேண்டும், ஹோவரை அல்ல.

காற்றுச்சுரங்கம்

இருவரும் சொல்லாத ஒன்று, நம் ஊரின் காற்று. நான் ஏரோநாட்டிக்கல் படித்தவள், அதனால் இது எனக்கு முதலில் கண்ணில் படும்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே வெப்பநிலையில் சென்னைக் கடற்கரையில் இருக்கும் காற்றைவிட இங்கே அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. இறக்கையின் தூக்கல், ப்ராப் தரும் தள்ளுவிசை, ரடருக்குக் கிடைக்கும் பிடிப்பு, மூன்றுமே அடர்த்தியைப் பொறுத்தவை. அதனால் ஸ்டால் (இறக்கை தூக்கலை இழப்பது) ஆகும் வேகம் 5 சதவீதம் போல் கூடுகிறது. ஏப்ரல் மதிய வெயிலில் காற்று இன்னும் மெலிந்துவிடும். கடலோர ஊரில் இருப்பவர் போட்ட வீடியோவைப் பார்த்து அதே மோட்டார், அதே ப்ராப் வாங்கி, இங்கே ஹோவரில் மூச்சு வாங்குகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஹோவருக்கு எடையைவிடத் தள்ளுவிசை அதிகம் இருந்தால் போதும் என்பது கணக்குக்குச் சரி. கையில் பழக எடையைப் போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். சமையலறைத் தராசில் விமானத்தை மூக்கு கீழாகச் செங்குத்தாகப் பிடித்து முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். ப்ராப் தராசுத் தட்டில் படாமல் இருக்க ஒரு சட்டம் அவசியம், பிடித்துக்கொள்ள இன்னொரு ஆளும் வேண்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவிசை குறைந்தால் மோட்டார் தாங்கும் எல்லைக்குள் ப்ராப்பை ஓர் அளவு கூட்டலாம், மின்னோட்டத்தை வாட் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான்.

நைஃப் எட்ஜ் வளைவுக்கு வருகிறேன். அந்த நிலையில் இறக்கை தூக்கவில்லை. உடலின் பக்கவாட்டுப் பரப்பும் ரடர் கொடுத்த சாய்வும் சேர்ந்து எடையைத் தாங்குகின்றன. ப்ராப் காற்றும் உடலைத் தாண்டி வரும் காற்றும் வால் பகுதியில் ஒரே சீராகப் போவதில்லை. பக்கவாட்டுக் கோணம் கூடக் கூட எலிவேட்டர் இருக்கும் இடத்தில் காற்றின் திசை மாறுகிறது, விமானம் வயிற்றுப் பக்கமோ முதுகுப் பக்கமோ வளைகிறது. பெரும்பாலான மாடல்களில் வயிற்றுப் பக்கம்தான். உங்கள் விமானத்தில் குறை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், இது எல்லா வடிவத்திலும் ஏதோ ஓர் அளவில் வரும். எவ்வளவு தேவைப்படுகிறது என்று கவனித்து எலிவேட்டரில் திருத்த வேண்டியதுதான்.

ஓசூர் ரோடு பருந்து

நல்ல இழை. அக்கா சொன்ன காற்றோடு நம் ஊர்க் காற்றின் திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெச்.ஏ.எல். விமான நிலையம், எலகங்கா, தேவனஹள்ளி, எல்லா ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகத்தான் போட்டிருக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று பலமாக அடிக்கும், குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து மெதுவாக வரும். நாமும் நம் பறக்கும் கோட்டைக் கிழக்கு மேற்காக வைத்து, வடக்கு பார்த்து நின்றால் காற்றும் கோட்டோடு வரும், வெயிலும் முகத்தில் அடிக்காது. ஆனேக்கல் நிலத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள்?

ஒன்பது மணிக்கு மேல் வெப்பக்காற்று எழ ஆரம்பித்ததும் பருந்துகள் வந்து வட்டமிடும். மெதுவாகப் போகும் ஃபோம் விமானத்தை எதிரி என்று நினைத்துப் பாய்கிற பருந்தையும் பார்த்திருக்கிறேன். பருந்து வந்தால் இறக்கிவிடுங்கள். அதற்கு அடிபட்டால் நமக்கு மனசு ஆறாது.

இன்னொன்று சட்டம். 2021 ட்ரோன் விதிகளில் நம் விமானங்களும் அடங்கும். பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்க விடும் மாடல் என்று தனி வகையே இருக்கிறது, ஆனால் வான்வெளி மண்டலம் எல்லாருக்கும் ஒன்றுதான். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான். அதற்கு உள்ளே மஞ்சள், சிவப்பு, அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. பெங்களூரில் இத்தனை விமான தளங்கள் இருப்பதால் ஊருக்குள் பெரும்பகுதி போய்விடுகிறது. கிளம்பும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் நிலத்தைப் பாருங்கள். ஏரோ இந்தியா நடக்கும் நாட்களில் தனியாகத் தடை உத்தரவும் வரும்.

கேஆர் புரம் சிறகு

எல்லாருக்கும் நன்றி. இத்தனை விரிவாகப் பதில் வரும் என்று நினைக்கவில்லை.

சி.ஜி. சோதனை செய்தேன். 45 டிகிரியில் தலைகீழாக்கியதும் சட்டென்று தரையைப் பார்த்து வளைந்தது, மூக்கு கனம்தான். பேட்டரி உட்காரும் வெல்க்ரோ பட்டையை அவிழ்த்து ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளினேன். இப்போது தலைகீழாக நேரே போக டவுன் ரொம்பக் கொஞ்சம் போதும். எலிவேட்டரில் கொடுத்து வைத்திருந்த அப் ட்ரிம்மையும் (நிலையாக வைத்த மேல் திருத்தம்) எடுத்துவிட்டேன். ஹோவரில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, முன்பு போல மூக்கு கீழே இழுக்கவில்லை. வலது அய்லரான் பிடித்தால் சுற்றலும் நிற்கிறது.

ஆனால் நைஃப் எட்ஜில் வயிற்றுப் பக்கம் வளைவது குறையவில்லை, முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. சி.ஜி. சரியானால் இதுவும் சரியாக வேண்டாமா?

பருந்து அண்ணா, இதுவரை மேற்கு பார்த்து நின்றோம், இனி வடக்கு. வரைபடமும் பார்த்துவிட்டேன், எங்கள் இடம் பச்சை.

காற்றுச்சுரங்கம்

கூடியதற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த அப் ட்ரிம். மூக்கு கனமாக இருந்தபோது மட்டமாகப் பறக்க எலிவேட்டர் கொஞ்சம் மேலே தூக்கி நின்றது. நைஃப் எட்ஜிலும் அது தூக்கியபடியேதான் இருந்தது, விமானத்தை முதுகுப் பக்கம் இழுத்து வயிற்றுப் பக்க வளைவில் ஒரு பகுதியை மறைத்தது. இப்போது ட்ரிம் போனதும் உண்மையான அளவு வெளியே தெரிகிறது. சி.ஜி.யை மறுபடி முன்னால் தள்ளாதீர்கள். சரியான சி.ஜி.யில் மிச்சம் இருப்பதை மிக்ஸ் (ஒரு குச்சியை அசைத்தால் இன்னொரு துடுப்பும் தானாக அசைய ரேடியோவில் வைப்பது) போட்டு எடுங்கள்.

எட்ஜ் டிஎக்ஸ் மென்பொருள் இருக்கும் ரேடியோ என்றால் இப்படிச் செய்யலாம். எலிவேட்டர் சேனலில் இன்னொரு வரி சேர்த்து, மூலமாக ரடரை வையுங்கள். நேர்கோட்டு மிக்ஸ் வேண்டாம், அது ஒரு பக்க ரடருக்கு அப்பும் மறுபக்கத்துக்கு டவுனும் கொடுக்கும். ஐந்து புள்ளி வளைகோடு போட்டு, நடுவில் 0, அரை ரடரில் 3, முழு ரடரில் 8 என்று இரண்டு பக்கமும் அப் வரும்படி வையுங்கள். தரையில் ரடரை இரு பக்கமும் அசைத்து, எலிவேட்டர் இரண்டு முறையும் மேலே போகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு பறக்க விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகக் கூட்டிக் குறையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வராது. இந்த மிக்ஸை ஒரு ஸ்விட்சில் வைத்துக்கொள்ளுங்கள், ஹோவரில் அது தேவையில்லை, தொந்தரவுதான் செய்யும்.

பால்சா மரம்

அந்தப் பெண் சொன்னது முழுக்க சரி. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முதலில் மிக்ஸ் இல்லாமல் வலது விரலால் அந்த வளைவைப் பிடித்துப் பழகுங்கள், பிறகு மிக்ஸ் போடுங்கள். கை அறியாததை ரேடியோவிடம் கொடுத்தால் வேறு விமானம் வாங்கும்போது மறுபடி ஆரம்பத்திலிருந்துதான்.

கைரோவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அதற்கு எதிர்ப்பு. பழகும் காலத்தில் கைரோ உங்களுக்குப் பதிலாக இறக்கையைப் பிடித்துக்கொள்ளும், அந்தச் சின்ன அசைவுகளைக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளவே கற்றுக்கொள்ளாது. போட்டிக்கு ஆசை இருந்தாலும் கைரோ உதவாது, எஃப்3ஏ, ஐமாக் என்ற இரண்டு சாகசப் பறப்புப் போட்டி வகையிலுமே அதற்கு இடமில்லை.

தொங்கும் ப்ராப்

போட்டிக்குப் போகாதவர்கள்தான் இங்கே அதிகம் சார். ஆகஸ்டில் மேற்குக் காற்றில் 700 கிராம் ஃபோமைக் கைரோ இல்லாமல் நிறுத்திப் பாருங்கள். காற்றின் உதறலை மட்டும் அடக்கும் அளவுக்கு ரேட் மோடில், கெயின் (கைரோ திருத்தும் பலம்) குறைவாக வைத்தால் விரலின் வேலை போகாது. விமானத்தை வைத்த கோணத்திலேயே பூட்டி வைக்கும் ஹோல்டு மோடு இருக்கிறது பாருங்கள், அதைத்தான் பழகுபவர் தொடக் கூடாது. அந்த மோடில் ரடர் விரலுக்கு வேலையே கிடையாது. ஸ்விட்சில் வைத்து, ஒரு பேட்டரி கைரோவோடும் ஒன்று இல்லாமலும் என்று போனால் என்ன தப்பு?

பால்சா மரம்

ரேட் மோடு, குறைந்த கெயின், ஸ்விட்ச், இந்த மூன்றும் இருந்தால் நான் சண்டைக்கு வரவில்லை. காற்று இல்லாத காலையில் அந்த ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

இதோடு ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஹோவர்காரர்கள் பலரிடம் இது இல்லை. மைதானத்துக்குப் போகும்போது என்ன போடப் போகிறேன் என்று தீர்மானித்துக்கொண்டு போக வேண்டும். ஐமாக் சங்கம் பேசிக், ஸ்போர்ட்ஸ்மேன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, அன்லிமிடெட் என்று ஐந்து வகுப்புக்கும் ஆண்டுதோறும் வரிசை வெளியிடுகிறது. ஸ்பெயின் நாட்டு விமானி அரெஸ்தி வகுத்த குறியீட்டில் கோடு கோடாகப் படம் போட்டிருக்கும். ஸ்போர்ட்ஸ்மேன் வரிசையை ஒரு அட்டையில் வரைந்து பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே உயரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நேர்கோடு விட்டு, உங்கள் எதிரே நடுவில் போட வேண்டும். ரோல் நன்றாக வந்து அது மைதானத்தின் மூலையில் முடிந்தால், அதைக் கட்டுப்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். எஃப்3ஏ போட்டியில் பைலட்டின் இரு பக்கமும் 60 டிகிரி, மேலே 60 டிகிரி, அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் எல்லாம் முடிய வேண்டும். கோடு 15 டிகிரி விலகினால் ஒரு மதிப்பெண் போய்விடும்.

காற்றில் லூப் போடும்போது இது நன்றாகப் புரியும். குச்சியை ஒரே அளவில் பிடித்தால் காற்று வட்டத்தை இழுத்துக்கொண்டு போய் முட்டை வடிவமாக்கும். எதிர்க்காற்றில் ஆரம்பிக்கும் லூப்பில் மேல் பாதி காற்றோடு போகிறது, அங்கே கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இழுத்தடிக்கக் கூடாது. வட்டத்தைத் தரையில் நின்று பார்க்கிற கண்ணுக்குத்தான் போடுகிறோம், காற்றுக்கு அல்ல. இறங்கும் பாதியில் த்ராட்டிலைக் குறைக்காத பையன்கள் எத்தனை பேர்! இறங்கும்போது வேகம் கூடினால் கீழ் வளைவு பெருத்துவிடும்.

ஓசூர் ரோடு பருந்து

2025 பிப்ரவரியில் எலகங்காவில் ஏரோ இந்தியா பார்த்தவர்களுக்கு சார் சொல்வது உடனே புரியும். சூர்யகிரண் ஹாக் விமானங்கள் எந்த உருவம் போட்டாலும் கூட்டத்தின் நடுவுக்கு நேராகத்தான் போட்டார்கள். அடுத்து ரஷ்யப் போர் விமானம் எஸ்.யு. 57 மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஊர்ந்ததே, நாம் ஹாரியர் என்று சொல்கிறோமே, அதே நிலைதான்.

சிறகு, ஹோவருக்கும் நைஃப் எட்ஜுக்கும் நடுவில் ஹாரியர் என்ற ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. 45 டிகிரி மூக்கைத் தூக்கி, எலிவேட்டரை அப்பில் பிடித்து, த்ராட்டிலால் உயரத்தையும் ரடரால் திசையையும் பார்த்துக்கொண்டு நடை வேகத்தில் போவது. முதலில் இறக்கை இரு பக்கமும் ஆடும். இரண்டு அய்லரானையும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால் ஆட்டம் குறையும். தலைகீழ் ஹாரியரில் ஆட்டம் இன்னும் குறைவு, ஆனால் மனசு அதற்குத் தயாராக நாள் பிடிக்கும். ஹாரியரில் நன்றாகத் திரும்ப வந்துவிட்டால் ஹோவருக்குள் நுழைவது த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் ஏற்றுவதுதான்.

கேஆர் புரம் சிறகு

ஹாரியர் போட்டேன் அண்ணா! அய்லரானை மேலே தூக்கியதும் ஆட்டம் கண் முன்னே அடங்கியது.

மிக்ஸும் போட்டாயிற்று. அக்கா சொன்னது போல இரண்டு பக்கமும் வேறு எண். வலது ரடருக்கு 7, இடது ரடருக்கு 10. இப்போது மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நைஃப் எட்ஜில் நேராகப் போகிறது. சார், மிக்ஸ் இல்லாமலும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிமுலேட்டரில் ரோலிங் சர்க்கிள் முயற்சி செய்தேன், குழப்பமாக இருக்கிறது. பாதி வட்டத்தில் எந்த ரடர், எந்த எலிவேட்டர் என்று தலை சுற்றுகிறது. இதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா?

காற்றுச்சுரங்கம்

உண்டு, அழகான ஒழுங்கு. இடது பக்க வட்டம், இடது பக்க ரோல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நிலை வரும்.

நேராக இருக்கும்போது உயரத்துக்குக் கொஞ்சம் அப், திருப்பத்துக்கு இடது ரடர். இடது இறக்கை கீழே போனதும் முதுகு வட்டத்தின் மையத்தைப் பார்க்கிறது, அதனால் திருப்புவது அப் எலிவேட்டர், உயரத்தைத் தாங்குவது வலது ரடர். தலைகீழானதும் உயரத்துக்கு டவுன், திருப்பத்துக்கு வலது ரடர். வலது இறக்கை கீழே வந்ததும் வயிறு மையத்தைப் பார்க்கிறது, திருப்புவது டவுன், தாங்குவது இடது ரடர்.

இப்போது வரிசையைப் பாருங்கள். எலிவேட்டர் அப், அப், டவுன், டவுன். ரடர் இடது, வலது, வலது, இடது. ஒரு ரோலுக்கு ஒவ்வொரு குச்சியும் இரண்டே முறை பக்கம் மாறுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை, கால் ரோல் இடைவெளியில் மாறி மாறி வருகிறது. தயிர் கடையும் மத்துக் கயிறு போல ஒரு கை முடிக்கும்போது மறு கை ஆரம்பிக்கிறது. அய்லரான் மட்டும் முழுக்க ஒரே அளவில் மெதுவாகப் பிடித்தபடி இருக்கும்.

முழு வட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். நேர்கோட்டில் தொடர்ந்து ஸ்லோ ரோல் போட்டுக்கொண்டே போய், மெல்ல மெல்ல 90 டிகிரி மட்டும் திருப்பிப் பாருங்கள். சிமுலேட்டரில் காற்றைப் பூஜ்யத்தில் வைத்துப் பழகிவிட்டு, அப்புறம் மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று போடுங்கள். இலவசமாக பிகாசிம் போதும், பணம் போட முடிந்தால் ரியல்ஃப்ளைட்டில் ஹோவர் பயிற்சி நன்றாக இருக்கிறது. எதுவானாலும் உங்கள் சொந்த ரேடியோவையே கணினியில் இணைத்துப் பழகுங்கள், விளையாட்டுக் கைப்பிடி வேண்டாம். குச்சியின் ஸ்பிரிங் இறுக்கமும் நீளமும் விரலுக்குப் பழக்கமாக வேண்டும்.

தொங்கும் ப்ராப்

ரோலிங் சர்க்கிளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை அக்கா. இத்தனை நாளாக வட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் ஏன் உயரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றோடு போகும் பகுதியில் தரை வேகம் கூடியதைப் பார்த்து, விமானம் வேகமாகப் போகிறது என்று நினைத்து த்ராட்டிலைக் குறைக்கிறோம், உண்மையில் காற்றில் அதன் வேகம் மாறவில்லை. அதனால்தான் ரடர் அங்கே பிடிக்காமல் போகிறது.

கேஆர் புரம் சிறகு

அப், அப், டவுன், டவுன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சிமுலேட்டரில் போடுகிறேன், வீட்டில் எல்லாரும் பார்க்கிறார்கள். கால் வட்டம் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. ஸ்னாப் ரோல் போட்டால் எங்கே நிற்கும் என்று தெரியாமல் ஒன்றரைச் சுற்று, இரண்டு சுற்று போகிறது. எலிவேட்டர், ரடர், அய்லரான் மூன்றையும் ஒரே நேரத்தில் மூலைக்குத் தள்ளுகிறேன். அது சரிதானா?

பால்சா மரம்

ஒரே நேரத்தில் தள்ளினால் அது வேகமான அய்லரான் ரோல்தான், ஸ்னாப் இல்லை. ஸ்னாப்பில் இறக்கை ஸ்டால் ஆக வேண்டும். முதலில் எலிவேட்டர், மூக்கு சட்டென்று தூக்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அடுத்த கணமே ரடரும் அதே பக்க அய்லரானும். சுற்ற ஆரம்பித்ததும் எலிவேட்டரைப் பாதிக்கு மேல் விட்டுவிடுங்கள். நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கால் சுற்று முன்னாலேயே எல்லாக் குச்சியையும் நடுவுக்குக் கொண்டு வாருங்கள், விமானம் தானாக வந்து நிற்கும். அந்தக் கால் சுற்று உங்கள் விமானத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும், பழகித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நுழையும் வேகம் முக்கியம். இறக்கைமேல் விழும் சுமை வேகத்தின் இருமடிப்படி கூடும், வேகம் இரட்டித்தால் சுமை நாலு மடங்கு. அரை த்ராட்டிலுக்கு மேல் வேண்டாம். அதற்கு முன்னால் இறக்கைக்குள் போகும் கார்பன் கம்பியின் பசை விட்டிருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள், எலிவேட்டரை அசைக்கும் சர்வோ மோட்டாரின் கையில் உள்ள நடு ஸ்க்ரூவையும் ஒரு திருகு திருகிப் பாருங்கள். ஸ்னாப் பழகும் ஃபோம் விமானங்களில் முதலில் தளர்வது அந்த ஸ்க்ரூதான்.

கேஆர் புரம் சிறகு

ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்துதான் இருந்தது சார், இறுக்கிவிட்டேன். கம்பி சரியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு வருகிறோம், காற்று கிளம்புவதற்குள் ஸ்னாப், அதற்குப் பிறகு ஸ்லோ ரோல். ஸ்போர்ட்ஸ்மேன் வரிசை அட்டையும் வரைந்தாயிற்று, படிக்க ஒரு ஆள் குறைகிறது. அந்தப் பக்கம் யாராவது வந்தால் சொல்லுங்கள்.

ஓசூர் ரோடு பருந்து

நான் வருகிறேன். சந்தாபுரா சிக்னலில் ஆறு மணிக்கு நில்லுங்கள், அட்டையைக் கொண்டு வாருங்கள்.